செம்பியின் சாக்கு

அந்தக் காலத்தில் குரங்குக்குக் கன்னத்தில் பை கிடையாது. நம்மைப் போல ஒட்டிய கன்னம்தான். அதன் குட்டிக்கும் தாயின் வயிற்றைப் பிடித்துத் தொங்கத் தெரியாது. இறக்கிவிட்ட இடத்தில் கிடந்து கத்தும். விலங்குகளெல்லாம் பேசின. பேசியதோடு வேலைக்கும் போயின. மலைக்காடு காய்க்காத வருடங்களில் அடிவாரத்துக்கு இறங்கி வந்து, மனிதர்களின் வயலிலும் களத்திலும் கூலிக்கு நின்றன. அணில் சிதறியதைப் பொறுக்கும், காக்கை காவல் இருக்கும், மாடு மிதிக்கும். அதில் இன்றைக்கும் வேலையில் இருப்பது மாடு ஒன்றுதான். அதுவும் பேச்சை நிறுத்திவிட்டது. பேசி என்ன கண்டோம் என்று நினைத்திருக்கும்.

வேலைக்கு வருகிறவர்கள் கையோடு ஒரு சாக்கு கொண்டுவர வேண்டும். புளிச்சை நாரில் பின்னிய சாக்கு. பகலில் அது களத்து ஓரத்து வேப்பமரத்தில் அடித்த முளையில் தொங்கும். சாயங்காலம் கூலித் தானியம் அதில்தான் விழும். உதறி விரித்தால் அதுவே படுக்கை, மழைக்கு மடித்துத் தலையில் கவிழ்த்தால் அதுவே கொங்காணி. கூலிக்காரருக்குச் சாக்கை விட்டால் வேறு சொத்து ஏது? அதனால் அடுத்தவர் சாக்குக்குள் பார்ப்பது அடுத்தவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைவது மாதிரி. களத்துக்குச் சொந்தக்காரரே ஆனாலும் திறந்து பார்க்கக் கூடாது.

ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவதும் அந்தச் சாக்கை வைத்துத்தான். ‘போ’ என்று வாயால் சொல்ல மாட்டார்கள். பிழைப்பைக் கெடுக்கிற சொல்லை வாயால் சொன்னால் பாவமாம். களத்துக்காரர் முளையிலிருந்து சாக்கை எடுத்து வந்து கையில் கொடுப்பார். வாங்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஏன் என்று கேட்கக் கூடாது, கேட்டால் மரியாதை இல்லை. பாதி அறுவடையில் ஒருவர் கையில் சாக்கோடு போவதைப் பார்த்தால் அந்த ஆற்றங்கரையில் வேறு எந்தக் களத்திலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பெரிய மரியாதைக்காரர்கள்! வாயைத் திறக்காவிட்டால் பாவம் ஒட்டாது என்று யார் இவர்களுக்குச் சொன்னார்களோ.

அப்படி ஒரு வருடம் மலையில் அத்தியும் காய்க்கவில்லை, நாவலும் காய்க்கவில்லை. செம்பி என்று ஒரு குரங்கு. குட்டி போட்டு இருபது நாள்தான் ஆகியிருந்தது. புருஷன்காரன் பசி வந்ததும் வேறு காடு பார்த்துப் போய்விட்டான். அவள் தின்றால்தான் குட்டிக்குப் பால். இரண்டு நாளாக அவளுக்குத் தின்ன எதுவும் இல்லை. குட்டி சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுதது.

செம்பி ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஒச்சாயியின் சோளக் களத்துக்கு வந்தாள்.

ஒச்சாயி நாற்பது வயதுக்காரி. தகப்பன் விட்டுப்போன நிலத்தைத் தனியாளாகக் கட்டி ஆண்டவள். கெட்டவள் இல்லை. ஆனால் அவசரக்காரி. முந்தின வருடம் அவள் களத்தில் ஒரு விபத்து நடந்தது. கூலிக்கு வந்த முயல் ஒன்று தன் குட்டியை வைக்கோலுக்கடியில் படுக்க வைத்திருந்தது. ஒன்றாகப் பிணைத்த மாடுகள் சோளக் கதிரை மிதித்துச் சுற்றி வந்தபோது அதுவும் குளம்படியில் போய்விட்டது. ஒச்சாயி மூன்று நாள் சோறு தின்னவில்லை. அதற்குப் பிறகுதான் சட்டம் போட்டாள். பால் குடிக்கிற பிள்ளை உள்ளவளுக்குத் தன் களத்தில் வேலை கிடையாது.

“பிள்ளைகுட்டி இருக்காடி?” என்று செம்பியிடம் கேட்டாள்.

“இல்லை ஆத்தா” என்றாள் செம்பி.

பொய்தான். வயிறு சொன்ன பொய். தோளில் தொங்கிய சாக்குக்குள் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து குட்டி சாக்கோடு சாக்காக முளையில் தொங்கியது. மாட்டுக் குளம்பு எட்டாத உயரம். நார்ப் பின்னல் இடைவெளியில் காற்று வரும். குட்டிக்கு அது தூளி. மற்றவர்கள் கஞ்சி குடிக்கப் போகும் நேரத்தில் செம்பி சாக்கை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போவாள், பால் கொடுத்துவிட்டுத் திரும்பவும் மாட்டுவாள். சாயங்காலம் கூலிச் சோளத்தைக் கையில் வாங்கி அங்கேயே தின்றுவிடுவாள். வேலையில் குறை சொல்ல முடியாது. கதிர்ப்போரின் உச்சியில் ஏறிக் கதிரைத் தள்ளிவிட அவளை விட்டால் ஆள் இல்லை. கூலிச் சோளம் வயிற்றுக்குள் போகப் போகப் பாலும் ஊறியது. பன்னிரண்டு நாளில் குட்டிக்குத் தொடையில் சதை பிடித்தது.

பதின்மூன்றாம் நாள் காலையில் ஒச்சாயி குவியலைப் பார்க்க வந்தாள். தூற்றிய சோளத்தைக் களத்து நடுவில் கூம்பாகக் குவித்து, சுற்றிலும் சாம்பலால் குறி போட்டு வைப்பது வழக்கம். யாராவது கைவைத்தால் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்குக் குவியலின் மேற்கு மூலையில் குறி கலைந்திருந்தது. ஒரு மரக்கால் சோளமாவது குறைந்திருக்கும்.

ஒச்சாயி வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாச் சாக்கும் தட்டையாகத் தொங்கியது. செம்பியின் சாக்கு மட்டும் புடைத்திருந்தது.

“ஏன் ஆத்தா, அவ மட்டும் கஞ்சி நேரத்துல சாக்கத் தூக்கிக்கிட்டு மறைவுக்குப் போறாளே, நீங்க பார்த்ததில்லையா?” என்று மரத்திலிருந்த காக்கை தூபம் போட்டது. காவலுக்கு இருந்த காக்கைதான். குறி கலைந்தபோது தூங்கிப்போயிருந்தது. பழியை யார் மேலாவது போட்டாக வேண்டுமே அதற்கு.

மண்ணைக் குனிந்து பார்த்திருந்தால் அந்த மூலையில் மாட்டினுடையது அல்லாத குளம்புத் தடம் தெரிந்திருக்கும். யார் குனிந்தார்கள்? ஒச்சாயி நேராகப் போய் முளையிலிருந்து செம்பியின் சாக்கைக் கழற்றினாள். கனத்தது. ‘அடிப்பாவி, இவ்வளவா!’ என்று மனசுக்குள் வெந்துபோனாள். திறந்து பார்க்கவில்லை. அந்த ஒரு மரியாதையைக் காப்பாற்றினாள். காப்பாற்றாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கதிர்ப்போரிலிருந்து இறங்கி வந்த செம்பியின் கையில் சாக்கைக் கொடுத்தாள்.

செம்பி அதை வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. சாக்கைத் திறந்து, ‘ஆத்தா, இதுதான் உள்ள இருக்கு’ என்று காட்டலாம். காட்டினால் பொய் சொன்னது வெளியே வரும், அப்போதும் வேலை போகும். கேட்கவும் கூடாது. அவள் ஒச்சாயியின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். ஒச்சாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலில்தான் தன்னைத் திருடி என்று நினைத்துவிட்டார்கள் என்பது செம்பிக்குப் புரிந்தது.

கூலி கேட்காமல் நடந்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. களத்தைத் தாண்டியதும் ஒரு புளியமரம். அதில் ஏறி உட்கார்ந்து குட்டிக்குப் பால் கொடுத்தாள். இனி எத்தனை நாளைக்கு இந்தப் பால் வரும் என்று எண்ணிப் பார்த்தாள். இரண்டு நாள். மிஞ்சிப்போனால் மூன்று.

அதே மரத்தின் உச்சியில் சாம்பான் என்ற கருமுகக் குரங்கு உட்கார்ந்து கொழுந்து தின்றுகொண்டிருந்தது. செம்பிக்குத் தூரத்து உறவு, அண்ணன் முறை. இலை தின்று பிழைக்கிற சாதி, அதற்கு எந்தப் பஞ்சமும் பஞ்சமில்லை.

“என்ன தங்கச்சி, சாக்கு கைக்கு வந்திருச்சா?” என்றது. “நான் அப்பவே சொன்னேன், மனுசங்கிட்ட வேலைக்குப் போகாதேன்னு.”

“நீ எப்பண்ணே சொன்ன?” என்றாள் செம்பி.

“மனசுக்குள்ள சொன்னேன்” என்றது சாம்பான்.

வெயில் ஏறியது. ஆட்களெல்லாம் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட ஆற்றுக்கு ஓட்டிப் போனார்கள். அணில்களும் பின்னாலேயே போயின. களத்தில் ஒச்சாயி மட்டும் இருந்தாள். அடுத்த வருடத்து விதைக்கென்று தனியாகப் பொறுக்கி அடித்த சோளத்தைச் சாம்பலில் பிரட்டி, ஒரு கலயத்தில் போட்டுக் குடிசை வாசலில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பன்றிகள் வந்தன.

காட்டுப்பன்றிகள். இருபதுக்குக் குறையாது. முந்தின நாளே ஒரு கிழப்பன்றி வந்து குவியலின் மேற்கு மூலையில் வாய்வைத்து ருசி பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருந்தது. “தின்னுங்கடா! தரையில ஒரு மணி கிடக்கக் கூடாது!” என்று அது கத்த, மொத்தக் கூட்டமும் குவியலுக்குள் பாய்ந்தது. காக்கை முதல் ஆளாகப் பறந்துபோனது. ஒச்சாயி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஒரு பன்றி திரும்பி ஒரு குத்து. காலில் ரத்தம் கொட்ட அவள் காவல் பரணின் ஏணியைப் பிடித்து எப்படியோ மேலே ஏறிவிட்டாள். இறங்க முடியாது, கீழே இரண்டு பன்றி நின்றது.

குவியல் போவதைப் பார்த்துக்கூட அவள் அவ்வளவு கத்தவில்லை. குவியல் போனால் அந்த வருடம் பட்டினி, எப்படியோ சமாளிக்கலாம். ஒரு பன்றி குடிசைப் பக்கம் மூக்கை நீட்டியதும்தான் அவள் அலறினாள்.

“விதை! ஐயோ, என் விதைக் கலயம்! யாராச்சும் வாங்களேன்! என் விதை போகுதே!”

பிள்ளையைப் பறிகொடுக்கிறவள் கத்துகிற மாதிரி கத்தினாள். அந்தச் சத்தம் புளியமரத்தில் உட்கார்ந்திருந்தவளின் காதிலும் போய் விழுந்தது.

செம்பிக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ‘நல்லா வேணும்’ என்றுதான் முதலில் நினைத்தாள். நினைத்ததை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் பார்த்துக்கொண்டு உட்காரவும் முடியவில்லை. விதை என்ன பாவம் செய்தது? ஒச்சாயி ஏதோ தப்பாக நினைத்துவிட்டாள். அதற்கு அடுத்த வருடத்துப் பயிர் ஏன் சாக வேண்டும்?

கலயத்தை அப்படியே தூக்க அவளால் முடியாது. சாக்கில் கொட்டிக் கொண்டுவரலாம் என்றால் சாக்குக்குள் குட்டி. குட்டியை வெளியே எடுத்தால் கிளையில் நிற்கத் தெரியாது, விழுந்துவிடும். அவள் சாக்கைக் கைக்கெட்டிய கிளையில் மாட்டினாள். வெறுங்கையோடு இறங்கினாள்.

“அடியே, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்றது சாம்பான். “உன்னைத் திருடின்னு துரத்தினவளுக்கா போற?”

“கூட வாண்ணே. ரெண்டு பேரா அள்ளினா சீக்கிரம் முடியும்.”

“எனக்கு இன்னும் கொழுந்து பாக்கி இருக்கு” என்றது சாம்பான்.

செம்பி குடிசை வாசலுக்கு ஓடினாள். மரம் ஏற நான்கு காலும் வேண்டும், பிறகு எதில் அள்ளுவது? கலயத்துக்குள் தலையை விட்டாள். வாய் கொண்ட மட்டும் அள்ளினாள். அது போதவில்லை. கையால் அள்ளி அள்ளித் திணித்தாள். இந்தக் கன்னத்தில் ஒரு பிடி, அந்தக் கன்னத்தில் ஒரு பிடி. கன்னம் கிழிகிற மாதிரி வலித்தது. சாம்பல் நாக்கில் பட்டு எரிந்தது. ஓடினாள், ஏறினாள், மரப்பொந்தில் துப்பினாள், திரும்ப இறங்கினாள்.

ஒவ்வொரு நடைக்கும் கன்னம் கொஞ்சம் கூடக் கொண்டது. ஒன்பதாவது நடையில்தான் பன்றிகள் அவளைக் கவனித்தன.

“இந்தக் குரங்கு என்னத்தையோ கடத்துதுடா!” என்று இரண்டு இளம் பன்றிகள் அவள் பின்னாலேயே புளியமரத்தடிக்கு ஓடி வந்தன. மரத்தில் ஏற அவற்றுக்கு வராது. தாழ்ந்த கிளையில் தொங்கிய சாக்கைப் பார்த்துவிட்டன. “இதுலதான் வச்சிருக்கா!” என்று ஒன்று எம்பிச் சாக்கின் நுனியைக் கவ்வி இழுத்தது. உள்ளேயிருந்து குட்டி வீல் என்று கத்தியது.

செம்பி பாதி மரத்தில் இருந்தாள். வாய் நிறைய விதை. கத்த வாய் இல்லை, துப்ப நேரம் இல்லை. அப்படியே குதித்தாள். கிளை ஒடிந்தது. சாக்கு கிழிந்தது. குட்டி சாக்கிலிருந்து நழுவிக் காற்றில் விழுந்தபோது செம்பி அதன் மேல் பாய்ந்து மார்போடு அணைத்தாள். மரத்தில் தாவிப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். குட்டியை விட்டால்தான் மரம், மரத்தை விட்டால் பன்றி.

அந்தக் கணத்தில் குட்டி தானாகவே பிடித்துக்கொண்டது. இதுவரை எதையும் பிடித்தறியாத அந்த நாலு சின்னக் கையும் காலும் அவள் வயிற்று மயிரை இறுக்கிப் பற்றிக்கொண்டன. செம்பி கையை எடுத்துப் பார்த்தாள். விழவில்லை. ஒரே தாவலில் மரத்தில் ஏறினாள். கீழே பன்றிகள் சாக்கை இழுத்து இழுத்து நார்நாராகக் கிழித்தன. உள்ளே ஒன்றும் இல்லாத கோபத்தில் மிதித்தும் போட்டன.

பொந்தில் விதையைத் துப்பிவிட்டுக் குட்டியை மோந்து பார்த்தாள். காயம் இல்லை. போதும் என்று அங்கேயே இருந்திருக்கலாம். கலயத்தில் இன்னும் பாதி இருந்தது. குட்டியை வயிற்றில் தொங்கவிட்டபடியே மறுபடியும் இறங்கினாள். பன்றிகள் வடக்கே வந்தால் அவள் தெற்கே, அவை தெற்கே வந்தால் அவள் கூரை மேலே. பதினேழு நடை. கடைசி நடையில் கலயத்தை ஒரு பன்றி உருட்டி உடைத்தபோது அதில் ஒரு மணி கூட இல்லை.

ஆற்றிலிருந்து ஆட்கள் தகரமும் தம்பட்டமுமாக ஓடிவந்தார்கள். பன்றிகள் மலைப் பக்கம் போய்விட்டன. களம் துடைத்துப் போட்ட மாதிரி கிடந்தது. ஒச்சாயியைத் தூக்கி இறக்கினார்கள். அவள் நொண்டிக்கொண்டே முதலில் குடிசை வாசலுக்குப் போனாள். கலயத்தின் ஓடுகள்தான் கிடந்தன. தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பரணிலிருந்து குடிசை வாசல் கூரைக்குப் பின்னால் மறைந்துவிடும், ஒரு குரங்கு ஓடியதைப் பார்த்திருந்தாலும் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

அப்போது செம்பி எதிரில் வந்து நின்றாள். இரண்டு கன்னமும் வீங்கிப் பலாக்காய் மாதிரி இருந்தன. வயிற்றில் ஒரு குட்டி தொங்கியது.

ஒச்சாயி குட்டியைப் பார்த்தாள். “இதுவாடி…” என்றாள். “சாக்குல கனத்தது இதுவாடி?”

செம்பி தலையை ஆட்டினாள். வாயில் விதை. ஒச்சாயியின் முந்தானையை இழுத்து விரித்து அதில் துப்பினாள். திரும்பப் போய்ப் பொந்திலிருந்து அள்ளி வந்து துப்பினாள். பதினேழு நடை போனதைப் பதினேழு நடையாகத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஆட்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். ஒருவர் மேற்கு மூலையில் குனிந்து, “ஆத்தா, இங்கன பழைய பன்னிக் குளம்படி இருக்கு. நேத்தையதுதான்” என்றார். ஒச்சாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குத்தான் எல்லாம் புரிந்துவிட்டதே.

“காலையிலேருந்து நீ ஒண்ணும் திங்கலையேடி. இதுல ஒரு பிடி முழுங்கியிருந்தா யாருக்குத் தெரியும்?” என்று கேட்டாள்.

“அது என்னோடது இல்லையே, ஆத்தா” என்றாள் செம்பி.

ஒச்சாயி உடைந்து அழுதாள். பேர் பெற்ற கண்டிப்புக்காரி, ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். “நான் குனிஞ்சு பார்க்கலை தாயி. உன்னைக் கேக்கவும் இல்லை. என் கையாலயே நாரு எடுத்து உனக்குப் புதுச் சாக்கு பின்னித் தர்றேன். அந்த முளை இனி உனக்குத்தான். இங்கயே இருந்திரு.”

செம்பி தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். விதையெல்லாம் இறக்கிய பிறகும் அது பழையபடி ஒட்டவில்லை. இரண்டு பக்கமும் தோல் தொய்ந்து தொங்கியது.

“சாக்கு வேண்டாம் ஆத்தா” என்றாள். “சாக்கு இருந்தாத்தானே நாளைக்கு நீங்க எடுத்துக் கையில கொடுப்பீங்க.”

ஒச்சாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

“எனக்கு இந்தக் கன்னமே போதும். பசிச்சா உங்க சோளக் காட்டுக்கு வருவேன். ஆனா உங்களுக்குத் தெரியாம ஒண்ணையும் முழுங்க மாட்டேன். வாயில அடக்கிக்கிட்டு, உங்க கண்ணுக்குத் தெரியிற மாதிரி உசரத்துல போய் உட்காருவேன். உங்களையே திரும்பிப் பார்ப்பேன். உங்களுக்கு வேணும்னா ஒரு வார்த்தை கேளுங்க. துப்பிக் கொடுத்துடுறேன். கேக்கலைன்னா அப்புறம் மெல்லுவேன்.”

“நான் கேக்க மாட்டேன்டி” என்றாள் ஒச்சாயி. “என் வம்சத்துல யாரும் கேக்க மாட்டாங்க.”

அந்த விதை வெயிலில் காய்ந்து, அடுத்த மழைக்கு முளைத்தது. செம்பியும் வந்தாள். கதிர்களை ஒடித்துக் கன்னத்தில் அடக்கி, பரண் மேல் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். ஒச்சாயி உயிரோடு இருந்தவரைக்கும், “தின்னு தாயி” என்று கையைக் காட்டுவாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. குரங்குகளும் பிற்பாடு பேச்சை விட்டுவிட்டன. வாயில் அடக்கிக்கொண்டு எங்கே பேசுவது?

சாம்பானின் வம்சத்துக்கு இன்றைக்கும் கன்னத்தில் பை இல்லை, இலைதான். நாட்டுக்குரங்குக்குத்தான் பை. அதன் குட்டியும் தாய் எங்கே தாவினாலும் வயிற்றை விட்டுப் பிரியாது. அன்று முதல்தான், நம் கையிலிருந்து வாழைப்பழத்தையோ பொரியையோ பிடுங்கிக்கொண்டு ஓடுகிற குரங்கு, உடனே விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, சுவர் மேலேயோ கிளை மேலேயோ போய் உட்கார்ந்து நம்மையே பார்க்கிறது. கேட்டால் கொடுத்துவிடத்தான் காத்திருக்கிறது. நாம் கல்லை எடுக்கிறோம்.